குடோனில் சரக்கு நிற்கக் கூடாது: ஓப்பன் டிடிடி-யில் சேலம் வரைபடத்துக்குச் சரக்குப் பாதை அமைப்பது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் பெரியப்பா லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். பள்ளி விடுமுறை விட்டால் நான் அங்கேதான். முன்னால் ஒரு மேஜை, அதன் மேல் பில்டி (சரக்கு ரசீது) புத்தகம், பின்னால் குடோன். மூட்டைகளின் மேல் ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள்: ஆத்தூர், ராசிபுரம், தர்மபுரி. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பெரியப்பா முதலில் பார்ப்பது கல்லாவை அல்ல, நேற்றைய மூட்டைகளில் எது இன்னும் கிடக்கிறது என்பதைத்தான். "குடோன் ரொம்பிக் கிடக்குன்னா எங்கயோ வண்டி வரலைன்னு அர்த்தம்டா" என்பார்.

ஓப்பன் டிடிடி என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடத் தொடங்கிய புதிதில் இந்தப் பேச்சு எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. ஆத்தூர்ப் பக்கம் மூன்று நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே ஒரு ஸ்டேஷன் கட்டினேன். அதில் 1,800 டன் குவிந்திருப்பதைப் பார்த்து, கையில் நல்ல இருப்பு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மாதா மாதம் வருமானம் இறங்கியது. ஏன் என்று புரிந்துகொள்ளப் பல இரவுகள் பிடித்தன. அப்படிப் புரிந்துகொண்டதை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: கிறிஸ் சாயர் உருவாக்கிய 'டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்' 1995-இல் வந்தது. அதே விளையாட்டைத் திறந்த மூல நிரலாக மறுபடி எழுதி 2004-இல் வெளியிட்டதுதான் ஓப்பன் டிடிடி. இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். லாரி, ரயில், கப்பல், விமானம் வாங்கி, சுரங்கத்திலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து ஊருக்கும் சரக்கு ஏற்றி இறக்குவதுதான் வேலை. வண்டியை நீங்கள் ஓட்டுவதில்லை. பாதை போடுவதும், எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று ஆர்டர் கொடுப்பதும்தான் உங்கள் பொறுப்பு.

படி 1: சேலத்தை வரைபடமாக்குங்கள்

தற்செயலாக உருவாகும் வரைபடத்தில் பழகுவதை விட, தெரிந்த ஊரில் பழகினால் வேகமாகப் பிடிபடும். உயரத்தைக் கறுப்பு வெள்ளை நிழலாகக் காட்டும் படத்தை இந்த விளையாட்டு நிலப்பரப்பாக மாற்றிக்கொள்ளும். கறுப்பு என்றால் பள்ளம், வெள்ளை என்றால் உச்சி. வடக்கே சேர்வராயன் மலை, மேற்கே கஞ்சமலை, தெற்கே ஜருகுமலை என்று சேலத்தைச் சுற்றிலும் மலை நிற்பதால் படம் அருமையாக விழுகிறது. 256 × 256 கட்டம் போதும். அதை விடப் பெரிதாகப் போட்டால் முதல் ரயில் ஊர் போய்ச் சேர்வதற்குள் பொறுமை போய்விடும்.

அப்புறம் சினாரியோ எடிட்டரில் ஊர்களையும் தொழில்களையும் கையால் வையுங்கள். தட்பவெப்பத்தில் மிதவெப்பத்தை, அதாவது 'டெம்பரேட்'டைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது பொருந்தாதுதான். ஆனால் நிலக்கரி, இரும்புத்தாது, எஃகு என்ற தொடர் அதில்தான் இருக்கிறது, சேலத்தின் கதையும் அதுவே. நான் வைத்தது இப்படி:

கஞ்சமலையில் இரும்புத்தாதுச் சுரங்கம், அதன் அடிவாரத்தில் எஃகு ஆலை. கஞ்சமலையில் மேக்னடைட் தாது இருப்பதும், நிஜமான சேலம் உருக்காலை அதன் அருகே நிற்பதும் நமக்குத் தெரிந்ததே. மேட்டூரில் அனல் மின் நிலையம். வரைபடத்தின் கிழக்கு ஓரம், ஆத்தூர் தாண்டி, நிலக்கரிச் சுரங்கங்கள். ஆத்தூரில் நிலக்கரி கிடையாது. ஆனால் மேட்டூருக்கு நிலக்கரி வெளியிலிருந்து ரயிலில் வந்து ஓமலூர் வழியாகப் பிரிந்து போகிறது அல்லவா, அந்தப் பாதையை விளையாட்டுக்குள் கொண்டுவர ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். ஏற்காட்டில் காடு. சங்ககிரிப் பக்கம் மர அறுவை ஆலை. கொண்டலாம்பட்டியில் ஒரு தொழிற்சாலை. சேலம் மட்டும் பெரிய ஊராக இருக்கட்டும். ஏன் என்று ஏழாம் படியில் தெரியும்.

படி 2: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

சுரங்கத்தைப் பார்த்ததும் ஸ்டேஷன் கட்டத்தான் கை போகும். அதைத் தள்ளி வைத்து, சரக்கு கடைசியாக எங்கே இறங்கும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். செவ்வாய்ப்பேட்டைக்குப் பொருட்கள் (விளையாட்டில் 'கூட்ஸ்' என்ற சரக்கு வகை) வர வேண்டும் என்றால் தொழிற்சாலை ஓட வேண்டும், தொழிற்சாலைக்கு எஃகு வேண்டும், எஃகுக்குத் தாது வேண்டும். கட்டும்போதும் இதே வரிசைதான்.

இதற்குக் காரணம் விளையாட்டின் விதியிலேயே இருக்கிறது. ஆலைக்குள் குடோன் கிடையாது. தாது இறங்கிய அந்த நொடியே எஃகாக மாறிவிடும், ஒரு டன்னுக்கு ஒரு டன். அந்த எஃகை எடுக்க ஆலைப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன் இருந்து, அங்கே எஃகு ஏற்ற ஒரு வண்டி ஒரு முறையாவது வந்திருக்க வேண்டும். வந்திருக்காவிட்டால் அவ்வளவு எஃகும் காற்றோடு போச்சு. தாது இறக்கியதற்கு வாடகை கிடைத்திருக்கும், அதனால் இழப்பு நம் கண்ணில் படாது. ஆகவே தாது ரயில் ஆலையைத் தொடும் முன்பே, எஃகு ரயில் அங்கே வந்து காலியாக நிற்க வேண்டும்.

இன்னொன்று: இங்கே தொழிற்சாலை எஃகு, தானியம், கால்நடை மூன்றையும் ஏற்கும். மூன்றும் சேர்ந்து வந்தால்தான் ஓடும் என்பதில்லை. எது வந்தாலும் அதற்குரிய அளவு பொருட்கள் வெளியே வரும். அதனால் எஃகை மட்டும் வைத்து ஆரம்பிக்கலாம்.

படி 3: முதல் பணம் நிலக்கரியில்

கடனில் தொடங்கும் கம்பெனிக்கு நிலக்கரிதான் கை கொடுக்கும். சரக்கு வண்டியில் எத்தனை நாள் இருந்தது என்பதைப் பொறுத்து வாடகை குறையும். நிலக்கரிக்கு முதல் 17 நாள் வரை குறைவே இல்லை, அதற்கு மேலும் மெதுவாகத்தான் இறங்கும். தூரம் அதிகமானால் வாடகையும் அதிகம். எனவே ஆத்தூரிலிருந்து மேட்டூர் வரை குறுக்கே ஒரு நீண்ட பாதை போடுங்கள்.

ரயிலின் நீளத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்றவே மாற்றாதீர்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டு பெட்டி. நடைமேடை ஐந்து கட்டம் என்றால் ஒரு எஞ்சின், ஒன்பது பெட்டி. நிலக்கரிப் பெட்டி ஒன்றுக்கு 20 டன், ஆக மொத்தம் 180 டன். நடைமேடையை விட ரயில் நீளமாக இருந்தால் ஓடத்தான் செய்யும், ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகளால் ஏற்றுவது இழுத்துக்கொண்டே போகும், பின்னால் வருகிற ரயிலும் மாட்டிக்கொள்ளும்.

எத்தனை ரயில் வேண்டும்? இதற்கு ஒரு கணக்கு உண்டு. சுரங்கம் மாதம் 150 டன் வெட்டுகிறது, அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கீழே, 110 டன், உங்கள் ஸ்டேஷனுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 180 டன் ரயில் நிரம்ப ஏறக்குறைய 50 நாள். ஆத்தூரிலிருந்து மேட்டூர் போய், இறக்கி, திரும்பி வர 60 நாள் என்றால், ஒரு ரயில் போய் வரும் 60 நாளும் ஸ்டேஷனில் வேறொன்று நின்று ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். அறுபதை ஐம்பதால் வகுத்தால் 1.2, அதோடு ஒன்று சேர்த்தால் 2.2. ஆக மூன்று ரயில். நான்காவது வாங்கினால் அது சுரங்கத்துக்கு வெளியே வரிசையில் நின்று பராமரிப்புச் செலவு மட்டும் வைக்கும். சுரங்கத்தின் உற்பத்தி மாறும்போதெல்லாம் இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

ஆர்டர் எளிது. ஆத்தூரில் 'ஃபுல் லோடு', அதாவது முழுக்க நிரம்பும் வரை நிற்பது, மேட்டூரில் சாதாரண நிறுத்தம். முதல் ரயிலுக்கு மட்டும் எழுதுங்கள். மற்றவற்றை கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு குளோன் செய்தால், அதாவது நகலெடுத்தால், எல்லாம் ஒரே ஆர்டர் சீட்டைப் பகிர்ந்துகொள்ளும். பிறகு ஒன்றில் திருத்தினால் அத்தனையிலும் திருந்தும்.

படி 4: மதிப்பெண் என்ற ஓட்டை

இந்த வழிகாட்டி முழுக்கவே இந்தப் படிக்காகத்தான். ஸ்டேஷன் ஜன்னலைத் திறந்து மதிப்பெண்களைக் காட்டச் சொன்னால், ஒவ்வொரு சரக்குக்கும் எதிரே ஒரு சதவீதம் தெரியும். சுரங்கம் வெட்டியதில் அந்தச் சதவீதம்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வருகிறது. மிச்சம் யாருக்கும் கிடைப்பதில்லை. புது ஸ்டேஷன் 69 சதவீதத்தில் தொடங்கும், அதற்குப் பிறகு ஏறுவதும் இறங்குவதும் உங்கள் கையில்.

ஐந்து விஷயங்கள் சேர்ந்து அந்த எண்ணை முடிவு செய்கின்றன. கடைசியாக வண்டி ஏற்றி எத்தனை நாள் ஆயிற்று என்பதற்குத்தான் அதிகப் பங்கு. ஏழரை நாளுக்குள் என்றால் 51 சதவீதம், பதினைந்து நாளுக்குள் 37, ஒரு மாதத்துக்குள் 20, ஐம்பத்திரண்டரை நாளுக்குள் 10, அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை. ஏற்றிக்கொண்டே நிற்கும் ரயில் இருக்கும் வரை இந்த நாள் கணக்கு ஏறாது. 'ஃபுல் லோடு' ஆர்டரின் முக்கியப் பயன் அதுதான்.

அடுத்தது குவியல். 60 அல்லது அதற்குக் கீழே கிடந்தால் 16 சதவீதம் கூடும். நூறைத் தாண்டினால் அது 4 ஆகும், 300-க்கு மேல் பூஜ்யம். 600-ஐத் தாண்டினால் 14 சதவீதம் கழியும், 1,500-ஐத் தாண்டினால் 35 சதவீதம் கழியும். வண்டியின் வேகம் மணிக்கு 85 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகுதான் மதிப்பெண் தரத் தொடங்கும், அதிகபட்சம் 17. வண்டி ஒரு வயதுக்குள் இருந்தால் 13, மூன்று வயதானால் பூஜ்யம். ஸ்டேஷன் சேர்ந்த ஊரில் கம்பெனி முதலாளிக்குச் சிலை வைத்தால் 10. சிலைக்குப் பணம் அதிகம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது என் ஆத்தூர் ஸ்டேஷனுக்குத் திரும்பி வாருங்கள். ரயில் புதிது, வேகம் 112, பத்து நாளுக்கு ஒரு முறை வருகிறது, குவியல் 1,800 டன். நாளுக்கு 37, புதுமைக்கு 13, வேகத்துக்கு 2, ஆக 52. குவியலுக்காக 35 போனால் மிச்சம் 17. மாதம் 150 டன் வெட்டும் சுரங்கத்திலிருந்து 25 டன்தான் எனக்கு வந்துகொண்டிருந்தது. அதோடு போகவில்லை. மதிப்பெண் ஐம்பதுக்குக் கீழே இறங்கினால், ஏற்கெனவே ஸ்டேஷனில் கிடக்கும் சரக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும். 25-க்கும் கீழே போனால் அந்த இழப்பு வேகமெடுக்கும். நான் இருப்பு என்று நினைத்தது ஓட்டைச் சாக்கில் கட்டி வைத்த மூட்டை.

அதே ரயில் எப்போதும் ஒன்று நின்று ஏற்றிக்கொண்டிருந்து, குவியல் 60-க்குள் இருந்தால்? 51, 13, 2, 16: மொத்தம் 82. அதே சுரங்கத்திலிருந்து 123 டன். ஏறக்குறைய ஐந்து மடங்கு. இரண்டு ரயில்களை உடனே கூடுதலாக விட்டுக் குவியலைக் காலி செய்த பிறகு, அந்த ஸ்டேஷனின் எண் ஒவ்வொன்றாக ஏறியதை நான் விளையாட்டை வேகப்படுத்தாமல் உட்கார்ந்து பார்த்தேன்.

இன்னொரு லாபமும் உண்டு. வழக்கமான பொருளாதார அமைப்பில், ஒரு சுரங்கத்தின் சரக்கில் 60 சதவீதத்துக்கு மேல் எடுத்துப் போனால் அதன் உற்பத்தி கூடுவதற்கே வாய்ப்பு அதிகம். கீழே போனால் குறைவதற்கு வாய்ப்பு அதிகம். பத்து வருடம் கழித்து இரண்டு சுரங்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

படி 5: ஏற்காட்டிலிருந்து இறக்குவது

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிறவர்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளும் மனப்பாடம். சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் ஒரு காலத்தில் இந்த மலையிலிருந்து இறங்கித்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. விளையாட்டிலும் இதே கதைதான். மேலே இருப்பதை லாரியில் இறக்கி, அடிவாரத்தில் ரயிலுக்கு மாற்ற வேண்டும்.

ஏன் ரயிலையே மேலே ஏற்றக் கூடாது? ஏற்றலாம். ஆனால் நிறைந்த சரக்கு ரயில் சரிவில் திணறும், ஒரே தடத்தில் பின்னால் வருகிற எல்லாவற்றையும் நிறுத்திவிடும். தவிர, வாடகைக்குக் கணக்கிடும் தூரம் பாதையின் நீளம் அல்ல. இரண்டு ஸ்டேஷன்களுக்கும் இடையே கிழக்கு மேற்காக எத்தனை கட்டம், வடக்கு தெற்காக எத்தனை கட்டம், இரண்டையும் கூட்டியதுதான். வளைந்து வளைந்து போவதற்குக் காசு கிடையாது, நாள்தான் கழியும். ஆகவே மலைப் பகுதியைக் குட்டையாக முடித்துவிட்டு, சமவெளியில் நீளமாக ஓடுங்கள்.

மலைச் சாலை போடும்போது சரிவுக் கட்டங்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள். ஒரு சரிவு, ஒரு சமதளம், மறுபடி ஒரு சரிவு என்று விட்டு விட்டுப் போட்டால் லாரி சமதளத்தில் மூச்சு வாங்கி வேகம் எடுத்துக்கொள்ளும். திருப்பங்களிலும் லாரி மெதுவாகும் என்பதால் அவற்றைக் குறைவாக வையுங்கள். பாதைக்காக மரங்களைக் கண்டபடி அழிக்க வேண்டாம். ஊர் நிர்வாகத்துக்கு உங்கள் மேல் கோபம் வந்தால் அடுத்த ஸ்டேஷனுக்கு அனுமதி மறுப்பார்கள். அழித்துவிட்டால், பக்கத்தில் புதிதாக நட்டுக் கொடுங்கள், கோபம் தணியும்.

அடிவாரத்துக் குடோன் கட்டும் முறையைக் கவனமாகப் பாருங்கள். முதலில் ரயில் நடைமேடை. அப்புறம் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே லாரி நிறுத்தத்தை வைத்து, இரண்டையும் ஒரே ஸ்டேஷனாகச் சேருங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வர வேண்டும். பெயர் வேறாக இருந்தால் லாரி இறக்கியது ரயிலுக்குக் கிடைக்காது. ஒரு ஸ்டேஷன் 12 கட்டம் வரை பரவலாம் என்பது இயல்பான அமைப்பு, அதற்குள் லாரிக்கு இரண்டு மூன்று நிறுத்தமும், வந்து வளைந்து திரும்ப இடமும் தாராளமாக அமையும்.

லாரியின் ஆர்டர்: ஏற்காட்டில் 'ஃபுல் லோடு', அடிவாரத்தில் 'டிரான்ஸ்ஃபர் அண்ட் லீவ் எம்ப்டி', அதாவது அடுத்த வண்டிக்காக இறக்கிவிட்டுக் காலியாகக் கிளம்புவது. அந்த 'லீவ் எம்ப்டி' மிக முக்கியம். நான் அதை விட்டுவிட்டு வெறும் 'டிரான்ஸ்ஃபர்' என்று கொடுத்திருந்தேன். லாரி மரத்தை இறக்கியது, அதே மரத்தை உடனே திரும்ப ஏற்றிக்கொண்டு மலை ஏறியது. ரயில் நடைமேடையில் வெறுமனே நின்றது. லாரிகள் எல்லாம் நிறைந்தே ஓடுவதால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஒரு லாரியின் சரக்கு விவரத்தைத் திறந்து, ஏற்காட்டை நோக்கிப் போகும்போதும் உள்ளே மரம் இருப்பதைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

ரயிலின் ஆர்டர்: அடிவாரத்தில் 'ஃபுல் லோடு', சங்ககிரியில் 'அன்லோட் அண்ட் லீவ் எம்ப்டி'.

லாரி எண்ணிக்கைக்கும் கணக்கு உண்டு. காட்டிலிருந்து மாதம் 75 டன் வருகிறது, லாரிக்கு 20 டன், ஒரு முறை இறங்கி ஏற 36 நாள் என்றால், ஒரு லாரி மாதத்துக்கு 16, 17 டன் இறக்கும். ஐந்து லாரி ஓட வேண்டும், ஒன்று மேலே நின்று ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும், ஆக ஆறு.

லாரி இறக்கும்போது மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு தொகை எழும். அது கையில் வந்த பணம் அல்ல. இந்தப் பயணத்தில் லாரியின் பங்கு இவ்வளவு என்று எழுதி வைக்கும் குறிப்பு. கம்பெனிக்குப் பணம் வருவது சங்ககிரியில் ரயில் இறக்கும்போதுதான். அந்தப் பங்கைக் கழித்துத்தான் ரயிலின் கணக்கு எழுதப்படும் என்பதால் சில சமயம் ரயில் நஷ்டத்தில் ஓடுவது போலத் தெரியும். அதைப் பார்த்து ரயிலை விற்றுவிடாதீர்கள். லாரியையும் ரயிலையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தி: ஸ்டேஷனில் கிடக்கும் நேரத்தில் சரக்குக்கு வயதாவதில்லை. வண்டிக்குள் இருக்கும் நாள்தான் கணக்கு. அடிவாரத்தில் பத்து நாள் கிடந்தாலும் வாடகை குறையாது, குறைவது மதிப்பெண் மட்டும். அதனால்தான் இடைக் குடோன் பயன்படுகிறது. நாள் கணக்கை அது நிறுத்தி வைக்கும், ஆனால் குவியலுக்குத் தண்டனை உண்டு. இரண்டுக்கும் நடுவே, 100 டன்னுக்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள்.

படி 6: தடம் அடைக்காமல் பார்த்துக்கொள்வது

பாத் சிக்னல், அதாவது ரயில் தான் போகும் பாதையை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் சிக்னல், அது மட்டும் போதும். பழைய வகைச் சிக்னல்களைக் கற்றுக்கொண்டு குழம்ப வேண்டாம். ஒரே விதி: சந்திப்பைத் தாண்டி ஒரு முழு ரயில் நிற்க இடம் இருந்தால்தான் அங்கே சிக்னல் வைக்கலாம். ஐந்து கட்ட ரயில் என்றால் ஐந்து கட்டம். மூன்று கட்டத்தில் வைத்தால் ரயிலின் வால் சந்திப்பிலேயே கிடக்கும், குறுக்கே போக வேண்டியது நிற்கும், அதன் பின்னால் வருவதும் நிற்கும். மேட்டூர்க் கிளை ஓமலூரில் பிரியும் இடத்தில் எனக்கு இதுதான் நடந்தது.

ஒரு நடைமேடையில் ரயில் நின்று நிரம்பிக்கொண்டிருக்கும்போது அடுத்தது காத்திருக்க, ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு ரயில் நீளம் தனியாக விடுங்கள். பணிமனையை இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில், காலி ரயில் திரும்பும் பாதையில் வையுங்கள். பழுது நீக்காத ரயில் நடுவழியில் நின்றால் தொடர் முழுக்க நிற்கும்.

படி 7: எஃகும் பொருட்களும்

இப்போது இரண்டாம் படியில் போட்ட வரிசையைக் கட்டலாம். சேலத்தில் பொருட்கள் இறக்கும் ஸ்டேஷன் முதலில். அப்புறம் கொண்டலாம்பட்டித் தொழிற்சாலையில் பொருட்கள் ஏற்றும் வண்டி. பிறகு கஞ்சமலை ஆலையில் எஃகு ஏற்றும் ரயில். கடைசியாகத் தாது ரயில். நான்கும் தயாரான பிறகு தாது ரயிலின் முதல் பயணத்தைத் தொடங்குங்கள்.

பொருட்களை எல்லா ஊரும் வாங்காது. ஸ்டேஷனின் எல்லைக்குள் வரும் கட்டிடங்களின் ஏற்பு சேர்ந்து எட்டில் எட்டு ஆக வேண்டும். குடிசையும் சின்ன வீடும் தருவது சொற்பம், பெரிய கட்டிடமும் கடையும்தான் எண்ணை ஏற்றும். ஏற்காடு போன்ற சின்ன ஊரில் இறக்க முயன்றால் வண்டி சரக்கோடேயே திரும்பும். சேலத்தைப் பெரிய ஊராக வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஸ்டேஷனை ஊரின் ஓரத்தில் கட்டாமல், நடுவே லாரி நிறுத்தமாகச் செருகுங்கள். லாரி நிறுத்தத்தின் எல்லை மூன்று கட்டம், ரயில் நிலையத்துக்கு நான்கு. கட்டும் முன் எதை ஏற்கிறது என்று ஜன்னலிலேயே காட்டும், பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

பொருட்களுக்குப் பொறுமை குறைவு. வண்டியில் பன்னிரண்டு நாளைத் தாண்டினால் வாடகை இறங்கத் தொடங்கும். 'ஃபுல் லோடு' என்று நிற்கும்போது முதலில் ஏறிய பெட்டிக்கும் நாள் ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அது ஸ்டேஷனை விட்டு வண்டிக்குள் வந்துவிட்டது. அதனால் இங்கே பெரிய ரயிலை விடச் சின்ன வண்டிகள் அடிக்கடி ஓடுவது நல்லது. நிலக்கரிக்குச் சரியாக இருப்பது பொருட்களுக்குச் சரியாக இருக்காது.

திரும்பும்போது காலியாக ஓடுகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் வண்டி எடுக்க மாட்டேன் என்று நிற்கும் டிரைவர்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், தாதுப் பெட்டியும் எஃகுப் பெட்டியும் கலந்து ஒரே ரயிலாக ஓட்டிப் பார்த்தேன். இரு பக்கமும் பாதி ரயில் எப்போதும் காலி, 'ஃபுல் லோடு' எதற்காகக் காத்திருக்கிறது என்பதும் குழப்பம். இந்த விளையாட்டில் ஒரு வழிச் சரக்கே போதுமான வாடகை தரும். ஒரு தொடருக்கு ஒரு வகை ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமைப்புகளில் 'கார்கோ டிஸ்ட்' என்று ஒன்று இருக்கும். எது எந்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்பதை விளையாட்டே முடிவு செய்யும் ஏற்பாடு அது. பயணிகளுக்கும் தபாலுக்கும் அதைப் போட்டுப் பார்க்கலாம், சரக்குக்கு 'மேனுவல்' என்றே விட்டுவிடுங்கள்.

படி 8: ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியவை

விளையாட்டைத் திறந்ததும் நான் முதலில் பணப்பெட்டியைப் பார்ப்பதில்லை. ஸ்டேஷன் பட்டியலைக் கிடக்கும் சரக்கின் அளவுப்படி வரிசைப்படுத்துவேன். மேலே எது நிற்கிறதோ அதன் மதிப்பெண்ணைப் பார்ப்பேன். 300-க்கு மேல் கிடந்தால், அங்கிருந்து சரக்கு போகும் திசையில் ஒவ்வொரு வண்டியாகத் தொடர்ந்து போவேன். பெரும்பாலும் காரணம் அந்த ஸ்டேஷனில் இருக்காது. இறக்கும் இடத்தில் ஒரு நடைமேடை குறைவாக இருக்கும், அல்லது சந்திப்பில் ஒரு சிக்னல் தவறிய இடத்தில் இருக்கும், அல்லது பாதி வண்டிகள் வயதாகிப் பழுதில் நிற்கும். அதைச் சரி செய்த பிறகுதான் புது வண்டி வாங்குவேன். அடைந்த தடத்தில் கூடுதல் வண்டி விட்டால் அடைப்புதான் கூடும்.

குவியல் இல்லாமல் மதிப்பெண் மட்டும் குறைந்திருந்தால், வண்டி வருவதில் இடைவெளி விழுந்திருக்கிறது என்று பொருள். அங்கே ஒரு வண்டி கூட்டினால் சரியாகிவிடும்.

காபித் தோட்டம் இல்லாமல் ஏற்காடா என்று கேட்பவர்களுக்கு: ஃபிர்ஸ் என்ற கூடுதல் தொகுப்பைப் போட்டால் காபித் தோட்டம் உள்ள பொருளாதாரமும் கிடைக்கும். அதில் சுரங்கங்களுக்கு உதிரிப் பொருட்கள் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உற்பத்தி ஏறும், அதனால் சரக்கு இரு பக்கமும் ஓடும், தொடரும் நீளமாகும். மேலே சொன்ன எட்டுப் படியும் கை வந்த பிறகு அதற்குப் போங்கள். என் வரைபடத்தில் அடிவாரத்து ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அதற்காகவே ஆறு கட்டம் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.